ஊருக்கெல்லாம் ஒரே சாவி

பெட்டியை எப்படி மாட்டுவது, எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்றெல்லாம் பயிற்சி வகுப்பில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்த்துச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது வருகிற பெட்டிகளை என் கையில் கொடுத்தால் எது முன்பக்கம் என்று ஐந்து நிமிஷம் தேடுவேன். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் திருத்தணியில் தொலைபேசி வேலை பார்த்தவன் என்ற முறையில், நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சாதனைகளைச் சொல்ல உங்கள் ஆபீஸிலேயே ஆள் நிறைய இருப்பார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் வேலை கம்பத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்குள் போனால் ரிசீவரைத் தூக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கொடுக்கிற மோரைக் குடித்துவிட்டு வந்துவிடலாம். இரண்டாயிரத்து ஏழு வாக்கில் பிராட்பேண்ட் வந்தது. கூடவே வயர் இல்லாமல் வீடு முழுக்க நெட் தருகிற வைஃபை பெட்டியும் வந்தது. ஆபீஸில் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பயப்படாத ஆள் நான் ஒருவன்தான் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் சொச்சம் இருந்த நேரம்.

ஆரம்பத்தில் வந்த புகார்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரே காலையில் மூன்று வீட்டிலிருந்து போன். போய்ப் பார்த்தால் பெட்டியைத் துடைத்து, சந்தனம் குழைத்து, காற்றுப் போகிற துளை ஒன்று விடாமல் பொட்டு வைத்திருந்தார்கள். சூடு தாங்காமல் அது கண்ணை மூடிவிட்டது. பழைய டூத் பிரஷ் ஒன்றை வாங்கி, உட்கார்ந்து சுரண்டினேன். இன்னொரு வீட்டில் விலை உயர்ந்த சாமான் என்று இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ஹாலில் நெட் வரவில்லை என்றார்கள். இப்படிப் பத்து வீடு பார்த்ததில் எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. கோளாறு என்றால் அது வீட்டுக்காரர் பக்கம்தான் இருக்கும் என்று படியேறும்போதே முடிவுகட்டிவிடுவேன்.

என் பக்கத்தில் எல்லாம் சுலபமாக இருந்தது. எந்த வீட்டில் பெட்டி மாட்டினாலும் நெட்வொர்க்குக்குத் தணிகை என்று பேர் வைப்பேன். பாஸ்வேர்டுக்கு முருகன் பேரும் மலைப்படிகளின் எண்ணிக்கையும் சேர்த்து, முருகன் முந்நூற்று அறுபத்தைந்து. ஊரில் யாரும் மறக்க மாட்டார்கள். 'சார், பாஸ்வேர்டு என்ன சார்' என்று யாரும் போன் செய்ய மாட்டார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் என் ஆபீஸ் லேப்டாப் எதையும் கேட்காமல் தானாக நெட்டில் சேர்ந்துகொள்ளும். வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார்கள். ஒரு அம்மா கண்ணிலேயே ஒற்றிக்கொண்டார். அறுபத்துச் சொச்சம் வீடுகளுக்கு அதே பேர், அதே சாவி. இந்த யோசனைக்காக என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

முனிரத்தினம் வீட்டுக்கு ஒரு தை மாதம் போய் மாட்டினேன். நெசவுக் குடும்பம். கீழே நாலு விசைத்தறி, கூலிக்கு இரண்டு ஆட்கள். போன் லைன் தறிக்கூடத்துப் பக்கம்தான் உள்ளே வருகிறது, பெட்டியையும் அங்கேயே மாட்டினேன். நெட் வேண்டியதோ மாடியில் பின்னறையில் இருந்த மருமகள் தேவகிக்கு. தேவகி வீட்டிலிருந்தே ஒரு வேலை பார்த்தாள். அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டு, டைப் அடித்து, சென்னையில் இருக்கிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். பகல் பன்னிரண்டுக்குள் ஃபைல்கள் போய்ச் சேர வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகும் தினம் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அதே வேலையைப் பார்த்தவளுக்கு, பெண் குழந்தை பிறந்த பிறகு போக முடியாமல் போயிற்று. புருஷனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, விடிந்ததும் கிளம்பிவிடுவான். "எனக்குன்னு இருக்கறது இந்த ஒரு வேலதான் சார்" என்று முதல் நாளே சொன்னாள்.

சித்திரையில் கோளாறு ஆரம்பித்தது. சில நாள் ஃபைல் பாதி போய் அறுந்துவிடும். மறுபடி அனுப்பினால் மறுபடி அறும். சில நாள் ஒரு தொந்தரவும் இருக்காது. நான் மூன்று தடவை போய்ப் பெட்டியை அணைத்து ஏற்றிவிட்டு வந்தேன். நான் இருக்கும்வரை ஓடும்.

நாலாம் தடவை போனது ஒரு அமாவாசை அன்று. நெசவுக்காரர் வீட்டில் அமாவாசைக்குத் தறி ஓடாது. வீடே நிசப்தமாக இருந்தது. தேவகி அனுப்பிய ஃபைல்கள் எல்லாம் தடங்கலில்லாமல் போயின. போன மாச அமாவாசையும் இப்படித்தான் இருந்தது என்றாள். எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. கீழே இறங்கி வந்து முனிரத்தினத்திடம் தீர்ப்புச் சொன்னேன்.

"தறி ஓடாத நாள்ல நெட் ஓடுது. அப்போ தறி மோட்டார்தான் காரணம்."

"இன்னா சார் இது. கரண்டு கம்பி வேற, போன் கம்பி வேற. என் தறி அத இன்னா பண்ணும்?"

"மோட்டார்லேருந்து அலை கிளம்பும். அது போய் இதைக் கெடுக்கும்."

நியாயமான கேள்வி கேட்ட மனுஷன் வாயை அலை என்ற ஒரு சொல்லால் அடைத்துவிட்டேன். தேவகி வேலை செய்கிற ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை தறியை நிறுத்திப் பாருங்கள் என்றேன். நெசவுக்கு அதுதான் நல்ல நேரம். ஆட்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். தெருவில் போகிறவர்கள், "மருமக டைப் அடிக்குது, மாமனாரு தறிய நிறுத்திட்டு குந்திகினு கீறாரு" என்று கிண்டல் செய்தார்கள். அவரும் மனுஷன்தானே, அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் வீட்டுக்குள் இறக்கினார்.

தறியை நிறுத்தியும் வைகாசியில் கோளாறு நிற்கவில்லை. பக்கத்துத் தெருத் தறியும் காரணமாக இருக்கலாம் என்றேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. முனிரத்தினத்தின் மனைவி சரோஜம்மா அன்றைக்கே எனக்கு விடையைச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, பின்னால கல்யாண மண்டபத்துல மேளம் கேக்கற அன்னிக்குத்தான் இந்தப் பொண்ணு மூஞ்சி வாடிகினு கீது. நான் பாத்துகினுதான் இருக்கறேன்."

"நாதஸ்வரத்துக்கும் நெட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று சிரித்தேன். அந்தம்மாவும் பாவம், கூடச் சிரித்துவிட்டுக் காபி கொண்டுவரப் போனார்.

ஆடி பிறந்தது. தீபாவளிச் சரக்குக்கு அவசரம். முனிரத்தினம் என் பேச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு தறியையும் காலையிலிருந்து ஓட்டினார். நெட் ஒரு நாள்கூட அறவில்லை. சரோஜம்மா போன் செய்து சொன்னபோது நான் வெட்கப்பட்டு யோசித்திருக்க வேண்டும். ஆடிக் காற்றில் மோட்டார் சூடாகாது என்று எதையோ உளறினேன். தீர்ப்பு சொல்லிவிட்டவனுக்குச் சாட்சி பிடிக்காது. ஆவணியில் முதல் முகூர்த்தம் வந்தது, கோளாறும் வந்தது. பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி காலை நேரத்தில் தறியை நிறுத்தினார்.

அந்த வாரம் தேவகியே போன் செய்து வரச் சொன்னாள். போனபோது காலை பத்து மணி இருக்கும், மண்டபத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காகிதத்தை நீட்டினாள். கம்பெனியிலிருந்து வந்த கடிதம்.

"என் ஃபைல் எல்லாம் ரெண்டு வேற வேற லைன்லேருந்து வந்திருக்காம் சார். ஒண்ணு நம்ம லைன். இன்னொண்ணு யாருதுன்னு தெரியல. வேலைய வெளியாளுக்குக் குடுத்து அடிக்க வெக்கறேன்னு நினைக்கிறாங்க. எல்லாம் ஆஸ்பத்திரி ரகசியம். மூணு நாள்ல சரியான பதில் சொல்லலன்னா நிறுத்திடுவாங்க."

அவள் அழவில்லை. மாமியாருக்குக் கேட்கக் கூடாது என்று குரலைத் தணித்துப் பேசினாள், அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வேலை போவதைவிடத் திருட்டுப் பட்டத்தோடு போவது பெரிய விஷயம். அதற்குப் பிறகு சென்னைக் கம்பெனி எதிலும் அவளை எடுக்க மாட்டார்கள்.

என்ன செய்வது என்று தெரியாதபோது நம் ஆட்கள் செய்கிற வேலையைத்தான் நானும் செய்தேன். கீழே போய்ப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். தறி நின்றிருந்ததால் மாடிக்குக் குரல் நன்றாகக் கேட்டது.

"அணைச்சிட்டேன்மா. நெட் போயிடுச்சா?"

"இல்லங்க சார். ஓடிகினுதான் இருக்குது."

"நல்லா பாத்துச் சொல்லுமா."

"ஆங், ஓடுது சார். இப்பதான் ஒரு ஃபைல் போய்ச் சேந்துச்சு."

பிளக் என் கையில் இருக்கிறது. பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. மேலே நெட் ஓடுகிறது. மாடியேறிப் போய்ப் பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பத்தடி தள்ளி மண்டபத்துச் சுவர், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. சேகர் என்கிற போட்டோக்காரருடைய அறை. அவருடைய கடை பஜாரில் இருக்கிறது. முகூர்த்த நாட்களில் மட்டும் மண்டபத்து அறையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டு, கல்யாணப் படங்களை ஆல்பத்துக்காகச் சென்னைக்கு அனுப்புவார். சித்திரையில் அந்த அறைக்குக் கனெக்‌ஷன் கொடுத்தவன் நான். பேர் தணிகை, பாஸ்வேர்டு முருகன் முந்நூற்று அறுபத்தைந்து.

லேப்டாப்புக்கு வீடு தெரியாது. பேரும் சாவியும் சரியாக இருந்தால், எங்கே சிக்னல் பலமாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கீழே தறிக்கூடத்தில் இருந்த பெட்டியைவிட ஜன்னலுக்கு வெளியே இருந்த சேகரின் பெட்டி தேவகிக்குப் பக்கம். அவர் பெட்டியைப் போட்டதும் இவள் லேப்டாப் அங்கே தாவும், தாவும்போது ஃபைல் அறும். அப்படியே சில ஃபைல்கள் அவர் லைனில் போய்ச் சேர்ந்தும் இருக்கின்றன. அமாவாசையில் தறி ஓடாது சரி, கல்யாணமும் கிடையாது. ஆடியில் தறி ஓடும், கல்யாணம் கிடையாது. மேளம் கேட்ட அன்றுதான் என்று சரோஜம்மா சொன்னது அப்படியே உண்மை.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, முதலில் வந்த எண்ணம் நல்ல எண்ணம் இல்லை. சேகர் அறைக்குப் போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்தால் கோளாறு அன்றோடு நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு டீ முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் கோளாறு நின்றால் மட்டும் தேவகிமேல் விழுந்த சந்தேகம் போகுமா? எப்படி நடந்தது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சொன்னால்தான் போகும்.

ஆபீஸுக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். நல்ல மனுஷர், எனக்கு நல்லது நினைத்துத்தான் பேசினார். "தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யப்பட்டதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு வாங்க. ரெண்டு வருஷத்துல மாலை போட்டு அனுப்பப்போறோம். இப்ப எதுக்கு நீங்களே போய் மாட்டிக்கிறீங்க?"

"அந்த ரெண்டு வரியில அந்தப் பொண்ணு தப்பிக்காது சார்" என்றேன். அவர் ஆபீஸ் தாளில் மட்டும் எழுத வேண்டாம் என்றார்.

வெள்ளைத் தாளில், என் பேரில், என் கையெழுத்தில் எழுதினேன். ஊர் முழுக்க ஒரே பேரும் ஒரே சாவியும் வைத்தது நான், அதனால் இந்தப் பெண்ணின் லேப்டாப் அவளுக்கே தெரியாமல் பக்கத்து லைனில் போய்ச் சேர்ந்தது, இவள் யாரிடமும் வேலையைக் கொடுக்கவில்லை என்று இங்கிலீஷில் எழுதி, அனுப்புமுன் தேவகியிடம் காட்டினேன். பிழை திருத்துவதுதானே அவள் பிழைப்பு. நாலு இடத்தில் திருத்திவிட்டு, "என் தவறுன்னு ஒரு தடவ போட்டா போதும் சார், அஞ்சு தடவ போட்டிருக்கீங்க" என்றாள். சேகரும் அந்த இன்னொரு லைன் தன்னுடையதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "போலீஸ் கேஸ் ஒண்ணும் ஆவாதே?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு, நாலாம் முறை கேட்காமல் போட்டார்.

இரண்டாம் நாள் மத்தியானம் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வேலையில் தொடரலாம், ஆனால் நெட்வொர்க்குக்குத் தனிப் பேரும் அவளுக்கு மட்டுமே தெரிந்த பாஸ்வேர்டும் உடனே வைக்க வேண்டும். போனில் அதைச் சொல்லும்போது தேவகிக்குக் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமில்லை.

பாஸ்வேர்டு மாற்ற அன்று மாலையே போனேன். மேலே போவதற்கு முன் கீழே ஒரு வேலை பாக்கி இருந்தது. முகம் தெரியாத கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதிவிடலாம், தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்த மனுஷனிடம் தமிழில் சொல்வது லேசில்லை. முனிரத்தினம் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று சொன்னேன். தறிமேல் ஒரு குற்றமும் இல்லை, அலை கிலை எதுவும் இல்லை, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

இழையை முடிந்து முடிக்கும்வரை அவர் நிமிரவில்லை.

"தறி நின்னது போவட்டும் சார். நீ சொன்னியேன்னு அந்தப் பொண்ண நான் எத்தினி பேச்சு பேசிட்டேன் தெரியுமா? சோறு துன்ற நேரமா பாத்து பேசிகினு இருந்தேன். அது ஒரு வார்த்த திருப்பிச் சொல்லல. கம்பெனிக்கு லெட்டர் எழுதிட்ட. இத எங்க எழுதி மாத்துவ?"

நாம் ஒரு வீட்டில் போய்க் 'காரணம் இதுதான்' என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல் அங்கேயே தங்கி யார் யாரை என்ன செய்யும் என்று நாம் பார்ப்பதில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டில் இருக்கிற அம்மாக்கள் எதையாவது கவனித்துச் சொன்னால், சிரிப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். அறுபது வீட்டுக்கும் நான் திரும்பப் போய் ஒவ்வொன்றாக மாற்ற இரண்டு மாசம் பிடித்தது. ஆனால் நான் கற்றது முழுக்க அன்று அந்தத் தறியடியில் நின்ற ஐந்து நிமிஷத்தில் கற்றதுதான்.

முனிரத்தினம் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, தறிகளைப் போடச் சொல்லி ஆட்களுக்குக் கைகாட்டினார். "வா சார், மேல போலாம்" என்றார். நான் பார்க்க அவர் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. அறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே சொன்னார்.

"தேவகி, தப்பு தறி மேல இல்லியாம்மா. உம்மேலயும் இல்ல. பேசனதெல்லாம் எம்மேல தப்பு."

"விடுங்க மாமா. உள்ள வந்து உக்காருங்க" என்றாள். அவர் உட்காரவில்லை, ஆனால் உள்ளே வந்தார்.

நான் நெட்வொர்க் பேரை மாற்றிவிட்டு, பாஸ்வேர்டு மாற்றுகிற பக்கத்தைத் திறந்து, லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். "நீயே ஒண்ணு வெச்சுக்கம்மா. நீளமா, யாரும் யோசிக்க முடியாததா."

"இன்னா பேரு வெக்கப்போற?" என்று பெரியவர் ஆசையாகக் கேட்டார்.

"கேக்காதீங்க. எனக்கே தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரும் வந்து என் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். குழந்தை கிறுக்கி வைத்த கலர் கோடுகள் எங்கள் இருவர் மூக்குக்கும் எதிரே இருந்தன. கீழே நாலு தறியும் ஓட ஆரம்பித்திருந்தன. பின்னால் டக் டக் என்று தட்டுகிற சத்தம் நிற்கிற வழியாக இல்லை. "நீளமாத்தான் வெக்கறா போல" என்று அவர் என் காதில் சொன்னார்.

"ஆச்சு மாமா. ரெண்டு பேரும் திரும்பலாம்" என்றாள் தேவகி.